வானொலியில் வரவேற்பு, வாசலில் தடை: நாட் கிங் கோல் கடந்துவந்த பாதை

டிசம்பர் பிறந்துவிட்டால் சிங்கப்பூர், கோலாலம்பூர் கடைத்தொகுதிகளில் ஒரு குரல் கேட்கத் தொடங்கும். அவசரம் இல்லாத, கனமான, ஆனால் செவிக்குச் சுமையாக இராத குரல். பாடுபவர் யார் என்று தெரியாதவர்களுக்கும் அந்தக் குரல் தெரியும். பாடல் 'தி கிறிஸ்துமஸ் சாங்'. பாடியவர் நாட் கிங் கோல். 1946ல் முதன்முதலாக அதைப் பதிவுசெய்தபோது அவருக்கு 27 வயது. இன்று அதிகம் ஒலிப்பது 1961ல் அவர் மீண்டும் பாடிய வடிவம்.

அந்தக் குரல் தங்கள் வீட்டு வரவேற்பறையில் ஒலிப்பதை விரும்பிய அமெரிக்கர்கள் லட்சக்கணக்கில் இருந்தனர். அந்த மனிதர் பக்கத்து வீட்டுக்குக் குடிவருவதை விரும்பாதவர்களும் அவர்களில் இருந்தனர். 45 வயதிலேயே முடிந்துபோன அவரது வாழ்க்கை முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் நகர்ந்தது.

போதகரின் மகன்

1919 மார்ச் 17ஆம் தேதி, அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள அலபாமா மாநிலத்தின் மோன்ட்கோமரி நகரில் அவர் பிறந்தார். இயற்பெயர் நத்தேனியல் ஆடம்ஸ் கோல்ஸ். தந்தை எட்வர்ட், பாப்டிஸ்ட் சபைப் போதகர். தாய் பெர்லினா, தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவர். மகனின் விரல்களுக்கு முதலில் பாடம் சொன்னதும் அவரே.

நத்தேனியலுக்கு நான்கு வயதானபோது குடும்பம் சிக்காகோவுக்கு இடம்பெயர்ந்தது. தெற்கில் கறுப்பினத்தவருக்குப் பேருந்து இருக்கை, பள்ளிக்கூடம், குடிநீர்க் குழாய் என்று எல்லாமே தனித்தனி. அதிலிருந்து தப்பிக்கவும் ஆலை வேலை தேடியும் அந்த ஆண்டுகளில் வடக்கு நோக்கிப் புறப்பட்ட பெரும் கூட்டத்தில் கோல்ஸ் குடும்பமும் ஒன்று.

அப்போதைய சிக்காகோ ஜாஸ் இசையின் தலைநகரம். லூயி ஆம்ஸ்ட்ராங்கும் பியானோ மேதை ஏர்ல் ஹைன்சும் அங்கே வாசித்துக்கொண்டிருந்தனர். சிறுவன் நத்தேனியல் இரவு விடுதிகளின் வெளியே நின்று ஹைன்சின் வாசிப்பைக் கேட்டு வளர்ந்தான். வீட்டில் அண்ணன் எடி டபுள் பேஸ் வாசிப்பார். இருவரும் சேர்ந்து 1936ல் முதல் இசைத்தட்டைப் பதிவுசெய்தனர். பிறகு ஓர் இசை நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் பயணம். அக்குழுவில் நடனமாடிய நடின் ராபின்சனை அவர் மணந்தார். 1937ல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில் நாடகக் குழு நொடித்துப்போனது. ஊர் திரும்பாமல் லாஸ் ஏஞ்சலிஸ் பக்கத்திலேயே தங்கி, கிடைத்த மதுக்கூடங்களில் எல்லாம் பியானோ வாசித்தார்.

அங்கே உருவானதுதான் கிங் கோல் மூவர் குழு. பியானோவில் கோல், கிட்டாரில் ஆஸ்கர் மூர், பேஸில் வெஸ்லி பிரின்ஸ். மேளம் கிடையாது. பத்து, பதினைந்து பேர் கொண்ட பெரிய வாத்தியக் குழுக்கள் கோலோச்சிய காலத்தில் மூன்றே பேர் மேளமின்றி வாசித்தது பலருக்கும் விசித்திரமாகத் தோன்றியது. பிற்பாடு ஆஸ்கர் பீட்டர்சன், இளம் ரே சார்ல்ஸ் உள்ளிட்ட பலர் இதே அமைப்பைப் பின்பற்றினர். 'கோல்ஸ்' என்ற பெயரின் கடைசி எழுத்து இந்தக் காலத்தில்தான் உதிர்ந்தது. கிங் கோல் என்ற அரசனைப் பற்றிய ஆங்கிலக் குழந்தைப் பாட்டிலிருந்து 'கிங்' வந்து ஒட்டிக்கொண்டது.

அவர் பாடகரானதைப் பற்றி ஒரு கதை உண்டு. குடிபோதையில் இருந்த வாடிக்கையாளர் ஒருவர் பாடச் சொல்லி அடம்பிடித்ததால்தான் பாடத் தொடங்கினார் என்பார்கள். கதை சுவையாக இருந்ததால் கோல் அதை மறுக்காமல் விட்டுவிட்டார். உண்மையில் தொடக்கத்திலிருந்தே வாத்திய இசைக்கு இடையிடையே அவர் பாடிக்கொண்டுதான் இருந்தார்.

குரங்கும் கழுகும்

1943ல் கேப்பிட்டல் ரெக்கார்ட்ஸ் நிறுவனத்தில் அவர் சேர்ந்தார். அதற்கு முந்தைய ஆண்டுதான் அந்நிறுவனம் தொடங்கப்பட்டிருந்தது. அங்கே பதிவான 'ஸ்ட்ரெய்ட்டன் அப் அண்ட் ஃபிளை ரைட்' 1944ல் நாடெங்கும் பரவியது. அவர் தந்தை பிரசங்கத்தில் சொல்லிய ஒரு நாட்டுப்புறக் கதைதான் பாடலின் கரு. ஒரு பிணந்தின்னிக் கழுகு விலங்குகளை முதுகில் ஏற்றிப் பறந்து, உயரத்திலிருந்து கீழே தள்ளித் தின்றுவந்தது. குரங்கின் முறை வந்தபோது அது தன் வாலால் கழுகின் கழுத்தை இறுக்கிக்கொண்டது. அதன்பின் கழுகு ஒழுங்காகப் பறந்தாக வேண்டிய நிலை.

வலியவன் முதுகில் அமர்ந்து எளியவன் பிழைக்கும் இத்தகைய கதைகள் அடிமைக் காலத்திலிருந்து கறுப்பின மக்களிடையே புழங்கியவை. கதையின் உட்பொருள் தெரிந்தோ தெரியாமலோ வெள்ளை இளைஞர்களும் அதற்கு ஆடினார்கள். கோலுக்கு அதில் பெரிய பணம் வரவில்லை. கைச்செலவுக்கு வழியில்லாத நாளில் அந்தப் பாடலின் உரிமையை ஒரு பதிப்பாளரிடம் 50 டாலருக்கு விற்றிருந்தார்.

அந்தக் காலத்து இசைச் சந்தையைச் சற்று விளக்கவேண்டும். கறுப்பினக் கலைஞர்களின் பாடல்களுக்குத் தனி விற்பனைப் பட்டியல் இருந்தது. அவற்றை 'இன இசைத்தட்டுகள்' என்றே அழைத்தனர். பில்போர்ட் இதழ் அந்தப் பெயரைக் கைவிட்டு 'ரிதம் அண்ட் புளூஸ்' என்று மாற்றியது 1949ல்தான். கறுப்பினக் கலைஞர் வெள்ளையர் முன் மேடையேறலாம். சிரிக்க வைக்கலாம், ஆடலாம், ஊதுகுழல் வாசித்து வியக்க வைக்கலாம். ஆனால் சட்டை மடிப்பு கலையாமல் நின்று, கண்ணைப் பார்த்து, மென்மையாகக் காதல் பாட்டுப் பாடுவது வெள்ளை ஆண்களுக்கென ஒதுக்கப்பட்ட இடம்.

கோல் அந்த இடத்தில் போய் நின்றார். 1946ல் அவர் குழுவுக்கு என்பிசி வானொலியில் சொந்த நிகழ்ச்சி கிடைத்தது. விளம்பரதாரர் ஒரு தலைமுடித் தைல நிறுவனம். 1948ல் 'நேச்சர் பாய்' எட்டு வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. 1950ல் 'மோனா லிசா', 1951ல் 'டூ யங்', அதே ஆண்டில் 'அன்ஃபர்கெட்டபிள்'. பியானோ மேதை பின்னுக்குப் போய், வயலின்கள் சூழப் பாடும் நட்சத்திரம் முன்னுக்கு வந்தார். ஜாஸ் ரசிகர்களில் சிலர் இதை இன்றுவரை மன்னிக்கவில்லை. அவர் ஜாஸை விட்டுக் காசுக்குப் பாடினார் என்ற அந்தக் குறை நியாயமற்றது. எந்தச் சொல்லையும் விழுங்காமல் பாடும் அந்த உச்சரிப்பும், தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தி வந்து சேரும் அந்த நிதானமும் பியானோ வாசித்த கைகளிலிருந்து வந்தவைதான்.

ஹான்காக் பார்க் வீடு

1948ல் அவர் வாழ்வில் இரண்டு நிகழ்வுகள். மார்ச் மாதம், ஈஸ்டர் ஞாயிறன்று, நியூயார்க்கின் ஹார்லெம் வட்டாரத் தேவாலயத்தில் பாடகி மரியா எலிங்டனை மணந்தார். நடினுடனான மணவாழ்க்கை அதற்கு முன் மணவிலக்கில் முடிந்திருந்தது. மரியா படித்த, வசதியான குடும்பத்தில் வளர்ந்தவர். எங்கே வாழவேண்டும், எப்படி உடுத்தவேண்டும், யாருக்கும் ஏன் தலைகுனியக்கூடாது என்பதில் திட்டமான எண்ணம் கொண்டவர்.

அடுத்த நிகழ்வு வீடு. லாஸ் ஏஞ்சலிசின் ஹான்காக் பார்க் பணக்கார வெள்ளையர் வட்டாரம். அங்கே மியூர்ஃபீல்ட் சாலையில் ஒரு பெரிய வீட்டை கோல் தம்பதியர் வாங்கினர். அமெரிக்க நகரங்கள் பலவற்றில் அப்போது வீட்டுப் பத்திரத்திலேயே ஒரு நிபந்தனை எழுதப்பட்டிருக்கும்: வெள்ளையர் அல்லாதோருக்கு விற்கக்கூடாது, வாடகைக்கும் விடக்கூடாது. அதே ஆண்டு மே மாதம்தான், அத்தகைய நிபந்தனைகளை நீதிமன்றங்கள் அமல்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. கோல் குடும்பம் அந்தத் தீர்ப்பின் ஈரம் காய்வதற்குள் ஹான்காக் பார்க்கில் கால்வைத்தது.

குடியிருப்பாளர்கள் கூடிப் பேசினர். வீட்டைத் திருப்பி வாங்கிக்கொள்ள முன்வந்தனர். விரும்பத்தகாதவர்கள் தங்கள் வட்டாரத்துக்குள் வருவதில் தங்களுக்குச் சம்மதமில்லை என்று பிரதிநிதிகள் கோலிடமே தெரிவித்தனர். தமக்கும் அதில் சம்மதமில்லை என்றும், அப்படி யாரையேனும் கண்டால் முதல் ஆளாகத் தாமே முறையிடுவதாகவும் அவர் பணிவாகப் பதிலளித்தார். அவர்களுக்கு அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

இரவில் நடந்தவை அவ்வளவு நாகரிகமாக இல்லை. வீட்டின் புல்வெளியில் கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல் பொறிக்கப்பட்டது. வளர்த்த நாய் விஷம் வைத்துக் கொல்லப்பட்டது. 1951ல் வரிப் பாக்கிக்காக அரசாங்கம் அந்த வீட்டைப் பறிமுதல் செய்ய வந்தபோது வட்டாரத்தில் சிலர் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருக்கக்கூடும். கேப்பிட்டல் நிறுவனம் கைகொடுக்க, குடும்பம் வீட்டைத் தக்கவைத்துக்கொண்டது. கோல் இறக்கும்வரை அங்கேயே வாழ்ந்தார். மகள் நட்டலி அந்த வீட்டில்தான் வளர்ந்தார்.

வீடு இப்படி என்றால் வெளியூர்கள் இன்னும் மோசம். லாஸ் வேகஸ் ஹோட்டல்களில் அவர் பாட்டைக் கேட்க அறை நிரம்பும். பாடி முடித்தவருக்கு அதே ஹோட்டலில் படுக்க இடமில்லை. வடமாநிலங்களில் அறை தர மறுத்த ஹோட்டல்கள் மீது அவர் வழக்குத் தொடுத்தார். இதைப் பின்னாளில் அவரைக் குறைகூறியவர்கள் வசதியாக மறந்துபோனார்கள்.

பர்மிங்காம், 1956 ஏப்ரல் 10

அந்த இரவைப் பற்றி விரிவாகச் சொல்லத்தான் வேண்டும்.

அலபாமாவின் பர்மிங்காம் நகர அரங்கம். பிரிட்டனின் டெட் ஹீத் வாத்தியக் குழுவோடும் வெள்ளையினப் பாடகி ஜூன் கிறிஸ்டியோடும் கோல் தெற்கில் இசைப் பயணம் மேற்கொண்டிருந்தார். நகர வழக்கப்படி இரண்டு காட்சிகள். முதல் காட்சி வெள்ளையருக்கு மட்டும், இரண்டாவது கறுப்பினத்தவருக்கு. முதல் காட்சிக்கு மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்திருந்தனர்.

அலபாமா அப்போது கொதித்துக்கொண்டிருந்தது. கோல் பிறந்த மோன்ட்கோமரியில், ரோசா பார்க்ஸ் கைதானதைத் தொடர்ந்து கறுப்பின மக்கள் நான்கு மாதங்களாகப் பேருந்தில் ஏறாமல் நடந்தே வேலைக்குப் போய்க்கொண்டிருந்தனர். போராட்டத்தின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங் என்ற 27 வயது போதகர். இன்னொரு பக்கம், வெள்ளையர் ஆதிக்கத்தைக் காக்கப் புறப்பட்ட குழுக்கள் ஊருக்கு ஊர் முளைத்தன. அவற்றில் ஒன்றான வட அலபாமா குடிமக்கள் மன்றத்தை ஏசா கார்ட்டர் என்பவர் நடத்திவந்தார். கறுப்பின இசை வெள்ளைப் பிள்ளைகளைக் கெடுக்கிறது, மதுக்கூடங்களின் பாட்டுப் பெட்டிகளிலிருந்து அந்த இசைத்தட்டுகளை அகற்றவேண்டும் என்பது அவரது பிரசாரம். அவரது ஏட்டில், கோல் வெள்ளைப் பெண்களோடு நிற்கும் படங்கள் கண்டனத்தோடு அச்சாயின. ஆபாசமாகப் பாடியவரோ அரசியல் பேசியவரோ அல்ல கோல். மென்மையாகக் காதல் பாடியவர். அவர்களுக்கு அதுவே போதுமான குற்றமாக இருந்தது.

மேடையில் கோல் தமது மூன்றாவது பாடலைப் பாடிக்கொண்டிருந்தார். திடீரென்று சில ஆண்கள் இருக்கை வரிசைகளுக்கு இடையே ஓடிவந்து மேடையில் ஏறினர். ஒருவர் அவர்மீது பாய்ந்தார். கோல் பியானோ முக்காலியோடு பின்பக்கமாகச் சரிந்து விழுந்தார். முதுகில் அடி. முன்கூட்டியே தகவல் கிடைத்திருந்ததால் திரைமறைவில் காத்திருந்த காவல்துறையினர் பாய்ந்து வந்தனர். மேடையில் கைகலப்பு. கூட்டத்தை அமைதிப்படுத்த நினைத்த பிரிட்டிஷ் வாத்தியக் குழு, அமெரிக்க தேசபக்திப் பாடல் ஒன்றை வாசிக்கத் தொடங்கியது. அதுவும் பிரிட்டிஷ் தேசிய கீதமும் ஒரே மெட்டு. யாருக்கு எந்தப் பாட்டாகக் கேட்டதோ, யாரும் அடங்கவில்லை.

ஆறு பேர் கைதாயினர். வெளியே நின்ற ஒரு காரில் துப்பாக்கிகளும் கைக்குத்து ஆயுதங்களும் அகப்பட்டன. நூற்றுக்கும் மேற்பட்டோர் திரண்டு மேடையைக் கைப்பற்றுவதுதான் முதலில் போட்ட திட்டம் என்றும் சொன்னபடி ஆட்கள் வரவில்லை என்றும் பிறகு தெரியவந்தது.

கோல் சற்று நேரத்தில் மேடைக்குத் திரும்பினார். அரங்கத்தில் இருந்த வெள்ளையர்கள் எழுந்து நின்று பல நிமிடங்கள் விடாமல் கைதட்டினர். தாம் வந்தது மக்களை மகிழ்விக்கத்தான், இது நடக்கும் என்று நினைக்கவில்லை என்ற பொருளில் ஏதோ சொன்னார். முதுகு வலியால் பாடமுடியாது என்று மன்னிப்புக் கேட்டு உள்ளே போனார். மருத்துவர் பார்த்தார். அதன்பின் அவர் ஊரைவிட்டுக் கிளம்பவில்லை. அதே இரவு, இரண்டாவது காட்சிக்கு வந்து காத்திருந்த கறுப்பின மக்களுக்காக அந்த முதுகோடு பாடினார்.

இரு பக்கமும் அடி

அடித்தவர்கள் நால்வருக்குச் சில மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. நகர முக்கியப் பிரமுகர்கள் கோலிடம் வருத்தம் தெரிவித்தனர். கதை அத்துடன் முடிந்திருந்தால் அவர் அப்பழுக்கற்ற தியாகி ஆகியிருப்பார்.

ஆனால் செய்தியாளர்களிடம் அவர் பேசியது வேறு விதமாக எடுத்துக்கொள்ளப்பட்டது. தாக்கியவர்கள் மீது தமக்குப் பகை இல்லை; தாம் எந்தப் போராட்டத்திலும் இறங்கியதில்லை; தாம் கேளிக்கை வழங்குபவர், அரசியல்வாதி அல்லர்; பிரித்து உட்கார வைக்கப்பட்ட அரங்குகளில் பாடுவதை நிறுத்தினால் தெற்கில் எங்குமே பாடமுடியாது. இதுதான் சாரம்.

மோன்ட்கோமரியில் சலவைத் தொழிலாளிப் பெண்களும் சமையற்காரிகளும் மைல்கணக்கில் நடந்துகொண்டிருந்த நேரத்தில் இந்தப் பேச்சு கறுப்பின மக்களைச் சுட்டது. வெள்ளையருக்குக் குழையும் கிழவன் என்ற பொருளுடைய, அவர்களிடையே மிகக் கடுமையான வசைச்சொல்லை அவர்மீது வீசினர். வண்ண மக்கள் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் தலைமை வழக்கறிஞர் தர்குட் மார்ஷலே அவரைக் கேலி செய்ததாகச் செய்திகள் வந்தன. கறுப்பின நாளேடுகள் கண்டித்து எழுதின. ஹார்லெமில் மதுக்கூட உரிமையாளர்கள் தங்கள் பாட்டுப் பெட்டிகளிலிருந்து கோலின் இசைத்தட்டுகளை உருவி எடுத்தனர்.

அலபாமாவில் ஏசா கார்ட்டர் எதைச் செய்யச் சொன்னாரோ, அதையே நேர்மாறான காரணத்துக்காக ஹார்லெம் செய்தது. ஒரே மாதத்தில் இரண்டு பக்கமும் ஒரே ஆளின் இசைத்தட்டைத் தூக்கி எறிந்தன.

கோல் காயப்பட்டார். இசை இதழ் ஒன்றுக்குக் கடிதம் எழுதி, ஹோட்டல்கள் மீது தாம் போட்ட வழக்குகளையும் உரிமைப் போராட்டங்களுக்குத் தாம் கொடுத்த நன்கொடைகளையும் எடுத்துச் சொன்னார். பிறகு 500 டாலர் கட்டி, அதே தேசியச் சங்கத்தின் டெட்ராய்ட் கிளையில் ஆயுள் உறுப்பினர் ஆனார். குறைகூறியவர்களின் வாயை அடைக்கச் செய்தார் என்று சிலர் எழுதினர். அப்படியும் இருக்கலாம். ஆனால் அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் அவர் பேச்சிலும் நடப்பிலும் மாற்றம் தெரிந்தது. விமர்சகர்கள் சொன்னதில் ஓர் உண்மை இருந்தது: குரல் இனிமையாக இருந்தால் மட்டும் அரங்கத்தின் நடுவே இருக்கும் கயிறு தானாக அவிழாது. கோல் சொன்னதிலும் ஓர் உண்மை இருந்தது. அவர் பாடாமல் இருந்திருந்தால் அந்தக் கயிற்றுக்கு இரு பக்கமும் இருந்தவர்கள் ஒரே பாட்டைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

விளம்பரதாரர் வராத நிகழ்ச்சி

தாக்குதல் நடந்து ஏழே மாதங்களில், 1956 நவம்பர் 5ஆம் தேதி திங்கட்கிழமை இரவு, என்பிசி தொலைக்காட்சியில் 'தி நாட் கிங் கோல் ஷோ' தொடங்கியது. 1950ல் ஹேசல் ஸ்காட் என்ற பியானோ கலைஞருக்குச் சிறிய ஒளிபரப்பு நிறுவனம் ஒன்றில் சில மாதங்கள் சொந்த நிகழ்ச்சி இருந்தது. ஆனால் அமெரிக்காவின் பெரிய தொலைக்காட்சி நிறுவனம் ஒன்றில், இத்தனை புகழ்பெற்ற கறுப்பினக் கலைஞர் ஒருவர் வாரந்தோறும் தம் பெயரிலேயே நிகழ்ச்சி நடத்துவது பெரிய புதுமை. அன்றுவரை தொலைக்காட்சியில் கறுப்பினத்தவர் என்றால் பெரும்பாலும் வேலைக்காரி, கோமாளி. கோல் கோட்டு சூட்டோடு வந்து, விருந்தினரை வரவேற்று, சம அளவில் நின்று சேர்ந்து பாடினார்.

தொடக்கத்தில் 15 நிமிடம். 1957 கோடையில் அரை மணி நேரமானது. எல்லா ஹிட் வ் வரிசைகளிலும் இருந்த நட்சத்திரங்கள் வந்தனர்: எல்லா ஃபிட்ஸ்ஜெரால்ட், ஹாரி பெலஃபான்டே, டோனி பென்னட், பெக்கி லீ, சேமி டேவிஸ் ஜூனியர். இவர்களின் வழக்கமான சம்பளத்தை அந்த நிகழ்ச்சியால் கொடுக்கவே முடியாது. நண்பருக்காகச் சங்கம் நிர்ணயித்த ஆகக் குறைந்த தொகையை வாங்கிக்கொண்டு பாடிவிட்டுப் போனார்கள்.

காரணம், நாடு தழுவிய விளம்பரதாரர் ஒருவர்கூட முன்வரவில்லை. நியூயார்க் வட்டாரத்தில் ஒரு பியர் நிறுவனம் வந்தது, அவ்வளவுதான். தெற்கில் தங்கள் பொருளை வாங்க மறுப்பார்களோ என்று பெரிய நிறுவனங்கள் பயந்தன. தென்மாநில நிலையங்கள் சில ஒளிபரப்பவே மறுத்தன. 1957 செப்டம்பரில் ஆர்கன்சா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்களைப் பள்ளிக்குள் அழைத்துச்செல்ல ராணுவம் இறங்கியது. விளம்பரதாரர்களின் அச்சம் எதைக் கண்டு என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கறுப்பினத்தவரை வைத்து உதட்டுச் சாயம் விற்கமுடியாது என்று அழகுப்பொருள் நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவர் சொன்னது கோலை மிகவும் கோபப்படுத்தியது. கறுப்பினப் பெண்கள் உதட்டுக்குப் பூசுவது வேறு எதையாம் என்று கேட்டார்.

என்பிசி ஓர் ஆண்டுக்கு மேல் சொந்தச் செலவில் நிகழ்ச்சியைத் தாங்கியது. பிறகு சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு மாற்ற விரும்பியது. கோல் ஏற்கவில்லை. 1957 டிசம்பர் 17ஆம் தேதியுடன் தாமே நிறுத்திக்கொண்டார். இங்கே கவனிக்கவேண்டியது, அவர் மௌனமாக விலகவில்லை. 1958ன் தொடக்கத்தில் எபனி இதழில் நீண்ட கட்டுரை எழுதி, பழியை நேராக விளம்பர நிறுவனங்கள் மீது வைத்தார். தொலைக்காட்சி நிறுவனத்தைக் குறைசொல்லவில்லை. விளம்பர உலகின் இருட்டுப் பயத்தைப் பற்றி அவர் அடித்த கேலி அமெரிக்கத் தொலைக்காட்சி வரலாற்றைப் பற்றி எழுதுவோர் எவரும் விடாமல் நினைவுகூருவது. அரசியல்வாதி அல்லர் என்று சொன்ன மனிதர் இரண்டே ஆண்டில் வந்து சேர்ந்த இடம் அது.

புரியாத மொழியில் புகுந்த குரல்

இதே ஆண்டுகளில் அவர் எல்லை தாண்டியும் பாடினார். 1956ல் கியூபாவின் ஹவானா நகரில் டிராபிக்கானா விடுதியில் பாட ஒப்பந்தமானார். அங்கிருந்த பெரிய ஹோட்டலான நாசியோனாலில் தங்க விரும்பினார். நிறத்தைக் காரணம் காட்டி மறுத்துவிட்டனர். ஒப்பந்தத்தை முறிக்காமல் பாடிவிட்டு வந்தார். இன்று அதே ஹோட்டலில் அவருக்குச் சிலை இருக்கிறது.

1958ல் 'கோல் எஸ்பன்யோல்' என்ற முழு ஸ்பானிய இசைத்தொகுப்பை வெளியிட்டார். அவருக்கு ஸ்பானிய மொழி தெரியாது. ஒவ்வொரு சொல்லையும் ஒலியாகக் கேட்டு மனனம் செய்து பாடினார். உச்சரிப்பு ஸ்பானியருக்குச் சிரிப்பூட்டினாலும் லத்தீன் அமெரிக்காவில் அந்தப் பாடல்கள் அமோகமாக விற்றன. மேலும் இரண்டு தொகுப்புகள் தொடர்ந்தன. ஹாங்காங் இயக்குநர் வோங் கார் வாய், 1960களின் ஹாங்காங்கைக் காட்டும் 'இன் தி மூட் ஃபார் லவ்' படத்தில் இந்த ஸ்பானியப் பாடல்களைத்தான் சேர்த்தார். 2000ல் வெளிவந்த அந்தப் படத்தின் வழியே இவரை முதன்முதலாகக் கேட்ட ஆசிய ரசிகர்கள் பலர்.

அமெரிக்காவில் அரசியல் மேடைகளும் அவரை அழைத்தன. 1956ல் குடியரசுக் கட்சி மாநாட்டில் பாடியவர், 1960ல் ஜான் கென்னடியை ஆதரித்தார். 1961ல் கென்னடி பதவியேற்பை ஒட்டிய கலைவிழாவில் பாடினார். 1964 ஜூலையில் குடிமை உரிமைச் சட்டம் நிறைவேறியது. ஹோட்டல்களும் உணவகங்களும் நிறம் பார்த்து ஆள் அனுப்புவது அன்றுமுதல் சட்டவிரோதம்.

கோலுக்கு அந்தச் சட்டத்தை அனுபவிக்க நேரம் கிடைக்கவில்லை. நாளுக்கு மூன்று பாக்கெட் மென்தால் சிகரெட் புகைப்பவர் அவர். புகைதான் தமது குரலுக்குக் கனம் சேர்க்கிறது என்று நம்பினார். 1964 டிசம்பரில் சான் ஃபிரான்சிஸ்கோவில் 'எல்-ஓ-வி-இ' தொகுப்பின் பாடல்களைப் பதிவுசெய்துகொண்டிருந்தபோதே நுரையீரல் புற்றுநோய் முற்றியிருந்தது. 1965 ஜனவரியில் இடது நுரையீரலை அகற்றினர். பிப்ரவரி 1ஆம் தேதி தந்தை எட்வர்ட் காலமானார். இரண்டு வாரம் கழித்து, பிப்ரவரி 15ஆம் தேதி, சாண்டா மோனிக்கா மருத்துவமனையில் மகனும் கண்மூடினார். மூத்த வளர்ப்பு மகள் கேரல், 15 வயது நட்டலி, சிறு பிள்ளைகள் மூவர் என ஐந்து பிள்ளைகளை மரியாவிடம் விட்டுப்போனார்.

1991ல் நட்டலி, தந்தையின் பழைய ஒலிப்பதிவோடு தம் குரலை இணைத்து 'அன்ஃபர்கெட்டபிள்' பாடலை வெளியிட்டு அடுத்த ஆண்டு கிராமி விருதுகளை அள்ளியது தனிக்கதை.

கோல் அடக்கம் செய்யப்பட்டு ஒரு மாதம்கூட நிரம்பாத நிலையில், 1965 மார்ச்சில், வாக்குரிமை கேட்டு செல்மாவிலிருந்து மக்கள் நடக்கத் தொடங்கினர். முதல் முயற்சி தடியடியில் முடிந்தது. பின்னர் ராணுவப் பாதுகாப்போடு புறப்பட்ட ஊர்வலம் போய்ச் சேர்ந்த இடம் மோன்ட்கோமரி, அவர் பிறந்த ஊர். நகருக்குள் நுழையும் முன் இரவு, மார்ச் 24ஆம் தேதி, செயின்ட் ஜூட் வளாகத்தில் களைத்துப்போன ஆயிரக்கணக்கானோருக்காக ஓர் இசை நிகழ்ச்சி நடந்தது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் ஒரே சேற்றுத் திடலில் சேர்ந்து நின்று கேட்டனர். ஏற்பாடு ஹாரி பெலஃபான்டே. பாடியவர்களில் டோனி பென்னட்டும் சேமி டேவிஸ் ஜூனியரும் இருந்தனர். விளம்பரதாரர் கிடைக்காத அந்த நிகழ்ச்சியில் குறைந்த சம்பளத்துக்குப் பாடிவிட்டுப் போனவர்கள் அவர்கள்.